டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு: இருக்கிற நேரத்தில் எப்படிப் படிப்பது?

(சிவகாசி வட்டார மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் உயிரியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய வழிகாட்டி உரையின் எழுத்து வடிவம்)

பிளஸ் ஒன், பிளஸ் டூ உயிரியல் பிரிவில் படிக்கிற பிள்ளைகளே, அரை நாள் கூலியை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிற பெற்றோர்களே, உங்கள் நேரத்தின் மதிப்பு எனக்குத் தெரியும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

"டாக்டர் ஆகணும்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க" என்று சொன்னால் வகுப்பில் பாதிப் பேர் கை தூக்குவார்கள். "தினமும் எத்தனை மணி நேரம் படிக்கிறீங்க?" என்று கேட்டால் ஆறு மணி, எட்டு மணி என்று பதில் வரும். "சரி, நேற்று படிச்சதைப் புத்தகத்தைப் பார்க்காம ஒரு தாள்ல எழுதிக் குடுங்க" என்றால் சத்தம் அடங்கிவிடும். இன்றைக்கு நான் பேசப்போவது அந்த அமைதியைப் பற்றித்தான். பிள்ளைகள் உழைக்காமல் இல்லை. உழைக்கிற முறையில்தான் கொஞ்சம் மாற்றம் வேண்டியிருக்கிறது.

நம்ம மாவட்டத்தின் பலம்

முதலில் நம்ம பலத்தைச் சொல்லிவிடுகிறேன். பிளஸ் டூ தேர்ச்சி விகிதத்தில் பல ஆண்டுகள் மாநிலத்தின் முன்வரிசையில் நின்ற மாவட்டம் விருதுநகர். 2018 இல் 97.05 சதவீதத் தேர்ச்சியோடு மாநிலத்திலேயே முதலிடம். இது சும்மா வந்ததில்லை. சிவகாசியின் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிற்சாலைகளில் குழந்தைகள் வேலை பார்த்த காலம் ஒன்று இருந்தது. அது உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு. 1996 டிசம்பர் 10 அன்று வந்த தீர்ப்பு, ஆபத்தான தொழிலில் சட்டத்தை மீறி வேலைக்கு வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாயை நல நிதிக்குச் செலுத்த வேண்டும் என்று சொன்னது. அந்தத் தலைமுறையின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இப்போது இந்த பெஞ்சுகளில் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

இந்தத் தேர்ச்சி எப்படி வந்தது? காலைச் சிறப்பு வகுப்பு, மாலைச் சிறப்பு வகுப்பு, தினமும் ஒரு சிறு தேர்வு, புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகளைத் திரும்பத் திரும்ப எழுதுவது. பிளஸ் டூ தேர்வுக்கு அது நல்ல முறை. ஆனால் அதே முறையை அப்படியே நீட் தேர்வுக்குக் கொண்டுபோகும்போது பிள்ளைகள் தடுமாறுகிறார்கள்.

நீட் வேண்டுமா, வேண்டாமா என்பது நாட்டில் நடக்கிற பெரிய விவாதம். விலக்குக் கோரும் மசோதாவைத் தமிழ்நாடு சட்டமன்றம் 2021 செப்டம்பரிலும், மறுபடி 2022 பிப்ரவரியிலும் நிறைவேற்றியது. அந்த விவாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். தேர்வு நடக்கிற வரைக்கும் அதை எழுதப்போகிற பிள்ளைக்கு உதவி செய்வது நம்ம கடமை.

தேர்வு என்ன கேட்கிறது?

2025 ஆம் ஆண்டு முறைப்படி 180 கேள்விகள், 180 நிமிடங்கள், 720 மதிப்பெண்கள். இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90. சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறான விடைக்கு 1 மதிப்பெண் குறையும். ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்தான். அதற்குள் கேள்வியைப் படித்து, பார்க்க ஒரே மாதிரி இருக்கிற நான்கு விடைகளில் ஒன்றைப் பிரித்தெடுத்து, ஓஎம்ஆர் தாளில் வட்டத்தை நிரப்ப வேண்டும். பாடத்தை முதல் வரியிலிருந்து ஒப்பிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. பாடத்தின் நடுவிலிருந்து ஒரு வரியை உருவிக் கேட்டாலும் சட்டென்று நினைவுக்கு வர வேண்டும்.

மொத்த மதிப்பெண்ணில் பாதி, அதாவது 360, உயிரியலில் இருக்கிறது. ஆகவே உயிரியலை வேகமாக முடித்தால்தான் இயற்பியல் கணக்குகளுக்கு நேரம் மிஞ்சும்.

படித்த மாதிரி தோன்றுவது

அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2006 இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களுக்கு ஒரு பாடப்பகுதி கொடுக்கப்பட்டது. ஒரு பிரிவினர் அதை மறுபடியும் படித்தார்கள். இன்னொரு பிரிவினர் மறுபடி படிக்காமல், நினைவில் இருந்ததை எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள் 81 சதவீதம் நினைவு வைத்திருந்தார்கள். எழுதிப் பார்த்தவர்கள் 75 சதவீதம். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழ். திரும்பப் படித்தவர்களுக்கு 42 சதவீதம்தான் நினைவில் நின்றது. எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம்.

இதில் நமக்கு என்ன பாடம்? ஒரே பக்கத்தை நான்கு தடவை படித்தால் அந்தப் பக்கம் பழகிப்போகும். பழகிய முகம் மாதிரி, பார்த்ததும் "இது எனக்குத் தெரியும்" என்று தோன்றும். பேர் என்னன்னு கேட்டால் வராது. பச்சை, மஞ்சள் கலர் பேனாவால் வரிக்கு வரி கோடு போடுவதும் இதே கதைதான். புத்தகம் அழகாகிறது, நினைவு கூடுவதில்லை.

முதல் பழக்கம்: புத்தகத்தை மூடு

இருபத்தைந்து நிமிடம் படியுங்கள். அப்புறம் புத்தகத்தை மூடி, ஒரு பழைய நோட்டில் பத்து நிமிடம், நினைவுக்கு வருவதையெல்லாம் எழுதுங்கள். கடைசி ஐந்து நிமிடம் புத்தகத்தைத் திறந்து சரிபாருங்கள். விட்டுப்போனதை மட்டும் சிவப்பு மையில் எழுதுங்கள். மொத்தம் நாற்பது நிமிடம்.

ஓர் உதாரணம். இதயச் சுழற்சி பாடம் படிக்கிறீர்கள். புத்தகத்தை மூடிவிட்டு உங்களையே கேளுங்கள்: ஒரு சுழற்சிக்கு எவ்வளவு நேரம்? 0.8 விநாடி. அதில் ஆரிக்கிள் சுருங்குவது 0.1, வெண்ட்ரிக்கிள் சுருங்குவது 0.3, இரண்டும் சேர்ந்து தளர்வது 0.4. முதல் ஒலி எந்த வால்வு மூடும்போது வருகிறது? இரண்டாவது ஒலி எப்போது? விடை வராமல் தவிக்கிற அந்த அரை நிமிடம் வீண் என்று நினைக்காதீர்கள். அப்படி முயற்சி செய்து தேடும்போதுதான் நினைவு பலப்படுகிறது.

எழுத நேரமில்லையா? வாயால் சொல்லுங்கள். தம்பி, தங்கச்சியை உட்கார வைத்துப் பாடம் நடத்துங்கள். அம்மா பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் நின்று, சிறுநீரகம் எப்படி வேலை செய்யுதுன்னு சொல்லிப் பாருங்கள். அம்மாவுக்குப் புரிகிற மாதிரி சொல்ல முடிந்தால் உங்களுக்கும் புரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டாவது பழக்கம்: பிரித்துப் பிரித்துத் திருப்புதல்

பட்டாசு ஆலையில் ஒவ்வோர் அறைக்கும் இத்தனை ஆள், இவ்வளவு மருந்து என்று அளவு இருக்கிறது. ஏன் என்று இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வேலையைச் சின்னச் சின்ன அளவாகப் பிரித்துத்தான் செய்ய வேண்டும். படிப்பும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் பத்து மணி நேரம் தாவரவியலைக் குவித்துவிட்டு, அப்புறம் ஒரு மாதம் அதைத் தொடாமல் இருந்தால் நிற்காது.

புதிதாகப் படித்த பாடத்தை மறுநாள் ஒரு தடவை, மூன்றாம் நாள் ஒரு தடவை, ஒரு வாரம் கழித்து ஒரு தடவை, மூன்று வாரம் கழித்து ஒரு தடவை புத்தகத்தை மூடிவைத்து எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் பத்து நிமிடம் போதும். சுவரில் மாட்டியிருக்கிற காலண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். காலண்டருக்குப் பேர்போன ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. இன்று படித்த பாடத்தின் பெயரை அந்த நான்கு தேதிக் கட்டங்களிலும் எழுதிவிடுங்கள். அதற்கு மேல் ஒரு டைம்டேபிள் தேவையில்லை.

மூன்றாவது பழக்கம்: கலந்து பயிற்சி

இயற்பியலில் ஒரே வகைக் கணக்கை இருபது போட்டால் கை தானாக ஓடும். எந்தச் சூத்திரம் என்று யோசிக்கவே தேவையிருக்காது. ஆனால் தேர்வில் கேள்விக்கு மேலே பாடத்தின் பெயர் இருக்காது. ஆகவே புதுப் பாடத்தில் ஐந்து கணக்கு போட்டதும், பழைய மூன்று பாடங்களிலிருந்து ஐந்து கணக்கைக் கலந்து போடுங்கள். ஆரம்பத்தில் தப்பு அதிகம் வரும். பயப்பட வேண்டாம், எந்தக் கணக்குக்கு எந்தச் சூத்திரம் என்று அடையாளம் காண்பதும் ஒரு பாடம்தான்.

நான்காவது பழக்கம்: தவறு நோட்டு

மாதிரித் தேர்வு எழுதியதும் மார்க்கைப் பார்த்துவிட்டு மூடி வைப்பதுதான் பெரும்பாலும் நடக்கிறது. உண்மையான படிப்பு அதற்குப் பிறகுதான் இருக்கிறது. தனியாக ஒரு நோட்டு போடுங்கள். தவறான ஒவ்வொரு கேள்வியையும் மூன்று வகையில் ஒன்றில் சேருங்கள்: பாடமே தெரியாது, படித்தேன், மறந்துவிட்டது, தெரியும், அவசரத்தில் தப்பாகப் போட்டேன். முதல் வகைக்குப் பாடத்தைப் படிக்க வேண்டும். இரண்டாவது வகைக்குத் திருப்புதல் வேண்டும். மூன்றாவது வகைக்கு நிதானமாகக் கேள்வியைப் படிக்கிற பயிற்சி வேண்டும். "சரியானது அல்லாதது எது?" என்று கேட்டிருப்பான், நாம் சரியானதைத் தேடிக் குறித்திருப்போம்.

விடை தெரியாத கேள்விக்கு என்ன செய்வது என்று எல்லாரும் கேட்பீர்கள். கணக்கு போட்டே பார்க்கலாம். கண்ணை மூடிக்கொண்டு நான்கு கேள்விக்குக் குறித்தால் சராசரியாக ஒன்று சரி, மூன்று தப்பு. 4 வரும், 3 போகும், மிச்சம் 1. அதிர்ஷ்டம் இல்லாவிட்டால் நான்கும் போகும். ஆனால் இரண்டு விடைகள் நிச்சயம் தவறு என்று தெரிந்து, மீதி இரண்டில் ஒன்றைக் குறிப்பது பெரும்பாலும் லாபம்தான்.

ஞாயிற்றுக்கிழமை முழு மாதிரித் தேர்வை மதியம் 2 மணி முதல் 5 மணி வரை எழுதுங்கள். 2025 இல் தேர்வு நடந்தது அந்த நேரத்தில்தான், அதுவும் மே மாத வெயிலில். சாப்பிட்டதும் தூக்கம் வருகிற நேரத்தில் மூன்று மணி நேரம் எழுந்திருக்காமல் உட்கார உடம்பைப் பழக்க வேண்டும்.

தமிழ்வழி மாணவர்களுக்கு

தமிழ் வினாத்தாளைத் தேர்ந்தெடுத்தால் ஆங்கிலக் கேள்வியும் கூடவே இருக்கும். மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்பது விதி. 2018 தேர்வில் தமிழ் வினாத்தாளின் 49 கேள்விகளில் பிழை என்று வழக்கு நடந்தது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 196 மதிப்பெண் கொடுக்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது. அதனால் இன்றிலிருந்தே ஒவ்வொரு கலைச்சொல்லையும் இரண்டு மொழியிலும் எழுதிப் பழகுங்கள். ஒளிச்சேர்க்கை என்று எழுதினால் பக்கத்தில் போட்டோசிந்தசிஸ் என்பதன் ஆங்கில எழுத்துக்கூட்டலும் இருக்கட்டும். ஒரு நாளைக்குப் பத்துச் சொல். கேள்வி குழப்பினால் ஆங்கில வரியைப் பார்க்கிற தைரியம் வந்துவிடும்.

ஒரே அறை வீடும் ஒரே செல்போனும்

இப்போது பெற்றோர்களிடம் பேசுகிறேன். தனி அறை, ஏசி, கோச்சிங் சென்டர் எல்லாம் எல்லா வீட்டிலும் கிடையாது. பிள்ளைக்குத் தேவை ஒரு நாளில் இரண்டு மணி நேர அமைதி. விடியற்காலை ஐந்திலிருந்து ஆறரை வரை ஊர் அடங்கிக் கிடக்கும். ராத்திரி டிவியை ஒரு மணி நேரம் நிறுத்தினால் இன்னொரு பங்கு கிடைத்துவிடும். இந்த இரண்டு நேரத்தில் மேலே சொன்ன நாற்பது நிமிட முறையை மூன்று தடவை செய்யலாம். அது, டிவி முன்னால் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஆறு மணி நேரம் இருப்பதைவிட மேல்.

தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் வேலை நெருக்கடி என்பது தெரியும். அப்படி இருந்தாலும் பிளஸ் டூ படிக்கிற பிள்ளையைச் சாயங்காலம் பெட்டி ஒட்ட உட்கார வைக்காதீர்கள். வெடி வேலையை வீட்டுக்குள் கொண்டுவருவது சட்டப்படி குற்றம். அது வீட்டையும் பிள்ளையையும் சேர்த்தே கொண்டுபோய்விடும்.

தூக்கத்தைக் குறைக்கச் சொல்லாதீர்கள். படித்தது மூளையில் பதிவது தூங்கும்போதுதான். ஏழு மணி நேரத் தூக்கம் படிப்பின் ஒரு பகுதி.

செல்போன் விஷயம். அது எதிரியும் இல்லை, ஆசிரியரும் இல்லை. படிக்கிற நாற்பது நிமிடம் அது வேறு இடத்தில் இருக்கட்டும். வீடியோ பார்ப்பதாக இருந்தால் ஒரு பாடத்துக்கு ஒரு வீடியோ, பார்த்து முடித்ததும் அதிலிருந்து ஐந்து கேள்வி எழுத வேண்டும். காசு கொடுத்து ஆப் வாங்குவதற்கு முன்னால் இலவசமாக இருப்பதைப் பயன்படுத்துங்கள். தமிழ்நாடு அரசுப் பாடநூல்களும் என்சிஇஆர்டி புத்தகங்களும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தேசியத் தேர்வு முகமையின் இணையதளத்தில் பழைய வினாத்தாள்கள் இருக்கின்றன. ஐஐடி கான்பூர் நடத்தும் 'சாத்தீ' தளத்தில் நீட் பாடங்களும் பயிற்சித் தேர்வுகளும் கட்டணமில்லாமல் இருக்கின்றன.

சான்றிதழ்களை முன்கூட்டியே எடுத்து வையுங்கள்

தேர்வு நெருங்கும்போது தாலுகா அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் அலைவது படிப்பு நேரத்தைத்தான் தின்னும். சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, வீட்டில் யாரும் பட்டம் வாங்காதவர்களுக்கு முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றுக்கு இ-சேவை மையத்திலோ, 'கேன்' எண் பதிவு செய்துகொண்டு உங்கள் செல்போனிலிருந்தோ விண்ணப்பிக்கலாம். வருமானச் சான்று ஒரு வருடம்தான் செல்லும் என்பதை நினைவில் வையுங்கள். ஆதாரிலும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழிலும் பெயர், பிறந்த தேதி ஒன்றாக இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். வித்தியாசம் இருந்தால் இப்போதே திருத்துங்கள். மதிப்பெண் சான்றிதழை டிஜிலாக்கரில் சேமித்து வைத்தால் தொலைந்துபோகிற பயம் இல்லை.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 இல் சட்டமானது. அதில் இடம் கிடைப்பவர்களின் கல்விக் கட்டணத்தை, தனியார் கல்லூரியாக இருந்தாலும், அரசே ஏற்கிறது. அந்த வகுப்புகளில் படித்ததற்கான சான்றைப் பள்ளியில் கேட்டு வாங்கி வையுங்கள். நடுவில் பள்ளி மாறியவர்கள் ஒவ்வொரு பள்ளியிலும் வாங்க வேண்டியிருக்கும், அதற்கு நாளாகும்.

இடம் கிடைக்காவிட்டால்?

இதையும் பேசித்தான் ஆக வேண்டும். எல்லாருக்கும் முதல் தடவையே கிடைத்துவிடாது. இன்னொரு வருடம் படிக்கலாமா என்று முடிவெடுக்கும் முன் தவறு நோட்டைத் திறந்து பாருங்கள். மறதியும் அவசரமும்தான் அதிகம் என்றால் இன்னொரு வருடம் பலன் தரலாம். பாடமே தெரியாது என்பது அதிகம் என்றால், பாடத்தை யாரிடம், எப்படிக் கற்கப்போகிறோம் என்பதற்கு விடை கிடைத்த பிறகு முடிவெடுங்கள். கடன் வாங்கி கோச்சிங்கில் சேர்ப்பதற்கு முன்னால் அந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், ஐயா.

நர்சிங், பார்மசி, பிசியோதெரபி, கால்நடை மருத்துவம் என்று வேறு கதவுகளும் உண்டு. தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவத்துக்கு மாநில ஒதுக்கீட்டு இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண்ணில் நிரப்பப்படுகின்றன. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு 2021 இல் அதற்கும் பொறியியல், வேளாண்மைப் படிப்புகளுக்கும் வந்தது. மனசு தாங்காத நேரத்தில் தனியாக உட்கார்ந்து அழாதீர்கள். 14416 என்ற டெலிமனஸ் எண்ணிலும், 104 மருத்துவ உதவி எண்ணிலும் பேசலாம். பெற்றோர்களே, பக்கத்து வீட்டுப் பிள்ளையோட மார்க்கை அந்த வாரத்தில் மட்டுமாவது வீட்டுக்குள் கொண்டு வராதீர்கள்.

ஏன் இவ்வளவும்?

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு ஆலை விபத்தை இந்த ஊர் மறக்காது. முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. தீக்காயத்தோடு மதுரை வரை ஆம்புலன்ஸில் போனவர்களைப் பார்த்த ஊர் இது. 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஒன்று விருதுநகரில் இருக்கிறது; ஆண்டுக்கு 150 இடங்கள். தீக்காயம் என்றால் என்ன, மருந்து நெடி நுரையீரலை என்ன செய்யும் என்று வீட்டிலேயே பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அந்தக் கல்லூரியில் படித்து இங்கேயே வைத்தியம் பார்க்க வேண்டும். நோயாளி பேசுவதைப் பாதியிலேயே புரிந்துகொள்ளும் டாக்டர் அவர்தான்.

நாளைக்கு வகுப்பில் உங்களிடம் "எத்தனை மணி நேரம் படிச்சே?" என்று கேட்க மாட்டேன். இன்றிரவு ஒரு பாடம் படியுங்கள், புத்தகத்தை மூடுங்கள், நினைவில் நின்றதை ஒரு பக்கம் எழுதுங்கள். அந்தத் தாளைக் காலையில் கொண்டு வாருங்கள். பாதிதான் எழுத முடிந்தது என்றாலும் பரவாயில்லை, அதையே கொண்டு வாருங்கள். மீதிப் பாதியை எங்கிருந்து படிக்க வேண்டும் என்று அந்தத் தாளே சொல்லிவிடும்.

கேள்வி இருக்கிறவங்க கேளுங்க. பெற்றோர்கள் முதல்ல கேளுங்க.